மெர்சென் எண் 2⁶⁷ − 1

2⁶⁷ − 1 என்பது 21 இலக்கங்கள் கொண்ட ஒரு பகு எண். இதன் மதிப்பு 147573952589676412927. இரும எண்முறையில் எழுதினால் தொடர்ந்து 67 ஒன்றுகள் வரும்.

வரலாறு: பிரெஞ்சுத் துறவி மாரன் மெர்சென் 1644இல் வெளியிட்ட பட்டியலில் இது பகா எண்ணாகக் குறிக்கப்பட்டது. இது பகு எண்ணே என்பதை எதுவார் லூக்கா 1876இல் காட்டினார். ஆனால் அவரது முறை காரணிகளைத் தரவில்லை. அவற்றை அமெரிக்கரான ஃபிராங்க் நெல்சன் கோல் 1903இல் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் வெளியிட்டார். அவர் ஒரு சொல்லும் பேசாமல், கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு அமர்ந்தார் என்பது கணித உலகில் வழங்கிவரும் கதை.

காரணிகள்: 193707721 × 761838257287. இவ்விரண்டும் பகா எண்கள். ஆகவே இவ்வெண்ணுக்கு 1, இவ்விரு காரணிகள், அவ்வெண் என மொத்தம் நான்கு வகுத்திகளே உண்டு.

பண்புகள்: அடுக்கு 67 ஒற்றைப்படைப் பகா எண் என்பதால், ஒவ்வொரு பகாக் காரணியும் 134இன் மடங்கைவிட 1 கூடுதலாக இருக்கும். முதல் காரணி 134 × 1445580 + 1. இரண்டாவது 134 × 5685360129 + 1. அவற்றை 8ஆல் வகுக்க முறையே 1, 7 மீதி வரும். மேலும், 2ஐ அடிமானமாகக் கொண்ட ஃபெர்மா சோதனையில் இவ்வெண் பகா எண் போலவே தேறிவிடும். எனவே இது ஒரு போலிப் பகா எண்.