பழைய வேன்களில் எந்திரக் குளிர்வி

எந்திரக் குளிர்வி என்பது உள் எரி எந்திரத்தில் உண்டாகும் மிகை வெப்பத்தை ரேடியேட்டருக்குக் கொண்டு சென்று வெளியேற்றும் நீர்மம் ஆகும். பேச்சு வழக்கில் இது கூலண்ட் எனப்படுகிறது. நீர், எத்திலீன் கிளைக்கால், அரிப்புத் தடுப்பான்கள் ஆகியவை சேர்ந்த கலவையே பெரும்பாலும் பயன்படுகிறது. பழைய வேனுக்குக் குளிர்வியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் நிறத்தையும் விலையையும் விட, எந்திரமும் ரேடியேட்டரும் எந்த உலோகங்களால் ஆனவை, எந்த நீர் கலக்கப்படுகிறது என்பவையே முதன்மையானவை.

தமிழ்நாட்டில் இதன் தேவை

குளிர் நாடுகளில் எத்திலீன் கிளைக்கால் நீர் உறைவதைத் தடுக்கவே சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டின் சமவெளிகளில் நீர் உறைவதில்லை. எனவே வெறும் நீரே போதும் என்ற கருத்து ஓட்டுநர்களிடையே பரவலாக உள்ளது. இதில் பாதி உண்மை உண்டு. நீரின் வெப்பக் கொள்ளளவு கிலோகிராமுக்கு 4.18 கிலோசூல், சரிபாதிக் கலவைக்கு ஏறத்தாழ 3.4 மட்டுமே. அதாவது, வெப்பத்தைச் சுமப்பதில் தூய நீரே சிறந்தது. ஆனால் நீர் 100 பாகையில் கொதிக்கிறது. சரிபாதிக் கலவை திறந்த நிலையில் ஏறத்தாழ 108 பாகையில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் இரண்டின் கொதிநிலையையும் மேலும் உயர்த்துகிறது. இதனினும் பெரிய காரணம் அரிப்பு. வெறும் நீர் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும்.

கிளைக்கால் 30 விழுக்காடு உள்ள கலவை ஏறத்தாழ -16 பாகை வரையும், 50 விழுக்காடு உள்ளது ஏறத்தாழ -36 பாகை வரையும் உறையாது. சமவெளியில் ஓடும் வேனுக்கு முதல் அளவே பொதுவாகப் போதும். அதற்கும் குறைத்தால் அரிப்புத் தடுப்பானின் செறிவு குறைந்துவிடும். கலந்தே விற்கப்படும் குளிர்வியில் மேலும் நீர் சேர்க்கக் கூடாது.

வேன்களும் உலோகங்களும்

தமிழ்நாட்டில் இன்றும் காணப்படும் பழைய வேன்களுள் மாருதி ஆம்னி குறிப்பிடத்தக்கது. 1984 இல் மாருதி வேன் என்ற பெயரில் அறிமுகமான இது 2019 வரை தயாரிக்கப்பட்டது. இதன் 796 கன செ.மீ. மூன்று உருளை எந்திரம் முன் இருக்கைகளுக்கு அடியில் அமைந்துள்ளது. எந்திரத்தின் அடிப்பகுதி வார்ப்பிரும்பு, தலைப்பகுதி அலுமினியம். அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும். ஆகவே ஒருமுறை மிகையாகச் சூடேறினாலும் தலைப்பகுதி வளைந்து, ஹெட் கேஸ்கெட் பழுதாகலாம். இருக்கைக்கடியில் எந்திரம் இருப்பதால் நீர்மக் கசிவு எளிதில் கண்ணில் படுவதுமில்லை.

பஜாஜ் டெம்போ நிறுவனத்தின் மெட்டடார் வேனில் பிற்காலத்தில் பொருத்தப்பட்ட மெர்சிடிஸ் ஓ.எம். 616 டீசல் எந்திரத்தில் அடிப்பகுதியும் தலைப்பகுதியும் வார்ப்பிரும்பே. அக்காலத்து ரேடியேட்டர்கள் பலவும் செம்பு, பித்தளையால் செய்யப்பட்டு ஈயம் கலந்த பற்றாசால் இணைக்கப்பட்டவை. வெவ்வேறு உலோகங்கள் ஒரே நீர்மத்தில் தோய்ந்திருக்கும்போது மின்கலத்தில் நிகழ்வது போன்ற மின்வேதி அரிப்பு உண்டாகிறது.

வகைகள்

பழைய கனிம வகைக் குளிர்விகளில் சிலிக்கேட்டு, பாஸ்பேட்டு, நைத்திரைட்டு போன்ற உப்புகள் உள்ளன. இவை உலோகப் பரப்பில் விரைவில் காப்புப் படலம் அமைக்கும். ஆனால் பயன்பாட்டில் செலவாகிவிடுவதால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டும். 1990களின் நடுப்பகுதியிலிருந்து பரவிய கரிம அமில வகை ஐந்து ஆண்டுகள் வரை உழைக்கும். எனினும் ஈயப் பற்றாசு கொண்ட செம்பு ரேடியேட்டர்களுக்கு இவற்றுள் சில பொருந்துவதில்லை. அத்தகைய வேனுக்குக் கனிம வகையே பாதுகாப்பான தேர்வாகும். அலுமினிய ரேடியேட்டர் மாற்றிப் பொருத்தப்பட்டிருந்தால் தயாரிப்பாளர் குறிப்பிடும் எவ்வகையும் ஏற்கத்தக்கது.

பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறங்கள் சாயம் மட்டுமே. வகையைக் காட்டும் பொதுவான விதி எதுவும் இல்லை. கலனின் மேல் ஐ.எஸ். 5759 என்ற இந்தியத் தர எண் உள்ளதா என்று பார்ப்பதே பயனுள்ளது. இரு வகைகளைக் கலந்தால் தடுப்பான்களின் திறன் குறையும். சில வேளைகளில் கூழ் போன்ற படிவும் உண்டாகும்.

நீரின் தன்மை

சென்னைக்கு மேற்கே திருவள்ளூர் நகரை ஒட்டியுள்ள மணவாள நகர், திருப்பெரும்புதூர் செல்லும் சாலையில் அமைந்த ஊராகும். தொழிற்சாலைகள் நிறைந்த இம்மாவட்டத்தில் ரேடியேட்டருக்கு எளிதில் கிடைப்பது ஆழ்துளைக் கிணற்று நீர். கடின நீரிலுள்ள கால்சியம், மக்னீசிய உப்புகள் சூடான பரப்புகளில் செதிலாகப் படிந்து வெப்பம் கடத்துவதைத் தடுக்கும். மாவட்டத்தின் கிழக்கே மீஞ்சூர் பகுதியில் மிகுதியாக நீர் இறைக்கப்பட்டதால் கடல்நீர் நிலத்தடியில் புகுந்தது 1960களின் இறுதியிலேயே அறியப்பட்டது. அத்தகைய நீரிலுள்ள குளோரைடு, அலுமினியத்தில் ஊசித்துளை போன்ற அரிப்பை உண்டாக்கும். நல்ல குளிர்வியையும் இந்நீர் கெடுத்துவிடும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரே ஏற்றது.

மாற்றும் முறை

எந்திரம் ஆறிய பின்னரே மூடியைத் திறக்க வேண்டும். பழைய நீர்மத்தை வடித்து, நல்ல நீர் நிரப்பி, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை எந்திரத்தை ஓட்டி, ஆறவிட்டு மீண்டும் வடிக்க வேண்டும். தெளிந்த நீர் வரும் வரை இதைத் தொடரலாம். பல ஆண்டுகள் வெறும் நீரில் ஓடிய எந்திரத்தில் குளிர்வி ஊற்றியதும் ஒழுகத் தொடங்குவதுண்டு. துருவும் செதிலும் அடைத்து வைத்திருந்த துளை வெளிப்படுவதே காரணம், குளிர்வி துளையிடுவதில்லை. சூடேறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. இதனால் எந்திரம் உரிய வெப்பநிலையை அடையாமல் எரிபொருள் வீணாகிறது. அடைப்பு அப்படியே இருக்கிறது.

நச்சுத்தன்மை

எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை உடையது, கடும் நஞ்சு. உடலில் இது ஆக்சாலிக் அமிலமாக மாறி, கால்சியம் ஆக்சலேட்டுப் படிகங்களாகச் சிறுநீரகங்களில் படிகிறது. வடித்த குளிர்வியைக் குடிநீர்ப் புட்டிகளில் ஊற்றி வைப்பதும் திறந்த தட்டில் விடுவதும் குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் உயிராபத்து விளைவிக்கும். யாரேனும் அருந்தியிருந்தால், அறிகுறி தோன்றக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தொடக்கத்தில் குடிபோதை போன்ற மயக்கம் மட்டுமே காணப்படலாம்.