கோவை டவுன்ஹால்: ஸ்டாப் தெரியும்... கட்டடம் தெரியுமா?

"டவுன்ஹால் ஒண்ணு குடுங்க!" கோவை டவுன் பஸ்களில் தினமும் கேட்கும் குரல் இது. ஆனால், அந்த ஏரியாவுக்கே பெயர் தந்த விக்டோரியா ஹாலை நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்?

எப்போது கட்டினாங்க?

கோவை நகராட்சி ஆனது 1866-ல். அதன் முதல் தலைவர் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ். உள்ளூர் நிர்வாகத்தில் மக்கள் பிரதிநிதிகளுக்கு இடம் தரச் சொன்ன வைஸ்ராய் ரிப்பனின் தீர்மானம் 1882-ல் வந்தது. அதற்கு 10 ஆண்டுகள் கழித்து, 1892-ல் விக்டோரியா மகாராணி பெயரில் இந்த மண்டபம் எழுந்தது. அப்போது ஊரின் மக்கள்தொகை சுமார் 46 ஆயிரம்தான்!

பின்னணியில் யார்?

மண்டபம் உருவாக முக்கியக் காரணமானவர், ஈரோட்டில் பிறந்த பத்திரிகையாளர் சே.ப.நரசிம்மலு நாயுடு. சிறுவாணித் தண்ணீரைக் கோவைக்குக் கொண்டுவரலாம் என்று முதலில் குரல் கொடுத்தவர்களில் ஒருவரும் இவரே. அந்தக் கனவு நனவாக சுமார் 40 ஆண்டுகள் ஆனது. குடிநீரும் பொது மண்டபமும் ஊருக்கு வேண்டும் என்று நினைத்தவர் ஒரே மனிதர் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம்.

சென்னையோடு ஒப்பிட்டால்?

சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது 1913-ல். வெள்ளை வெளேரென்று, 3 தளங்கள், நடுவில் மணிக்கூண்டுக் கோபுரம் என பார்த்ததுமே பிரமிக்க வைக்கும். செலவு சுமார் ஏழரை லட்சம் ரூபாய். அளவில் கோவை மண்டபம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் வயதில் இதுதான் 21 ஆண்டுகள் மூத்தது.

இப்போது என்ன நடக்கிறது?

இது வெறும் நினைவுச் சின்னம் இல்லை. 1981-ல் கோவை மாநகராட்சியானது. 2011-ல் எல்லை விரிந்து 257 சதுர கி.மீ. ஆனது, வார்டுகள் 100. மாமன்றக் கூட்டம் இன்றும் நடப்பது இந்த ஹாலில்தான். உங்கள் வீட்டுச் சொத்து வரி, தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர் என எல்லாமே விவாதத்துக்கு வருவது இங்கேதான்.

பெயர் மகாராணியுடையது. ஆனால் உள்ளே பேசப்படுவது நம்ம ஊர்ப் பிரச்னை. அடுத்த முறை டவுன்ஹாலில் இறங்கினால், கடைவீதிக்குள் நுழையும் முன் ஒரு நிமிஷம் நின்று பாருங்க!