தாயின் மீது ஏன் பழி?

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தைப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் மாறி மாறி அளந்தனர். 1957ஆம் ஆண்டு பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளிக்கும்வரை எழுதப்பட்ட வரலாற்றில் பீரங்கிக்கு இடமிருந்தது. மூதூரிலும் கிண்ணியாவிலும் பிள்ளை பெற்ற ஏழைத் தாய்க்கு இடமிருக்கவில்லை.

செந்நிறப் புள்ளிகளோடும் கண்டல்களோடும் சிசு பிறந்தால் நாவூறு என்பதும், தாயின் வினை என்பதும் நமது சமூகத்தின் பழைய வழக்கம். அந்தப் பழியைத் துடைத்த விஞ்ஞானத்தின் வரலாற்றை நாம் அறிய வேண்டும்.

குருதியை உறையச் செய்பவை குருதிச் சிறுதட்டுக்கள். 1950ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹரிங்டன், சிறுதட்டுக் குறைந்த நோயாளி ஒருவரின் குருதியைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய சிறுதட்டுக்கள் அழிந்தன. அழிக்கும் பொருள் குருதியிலேயே இருப்பது தெளிவாயிற்று.

சிசுவின் சிறுதட்டில், தாயிடம் இல்லாத புரத அடையாளமொன்று தந்தைவழி வந்திருக்கலாம். தாயின் உடல் அதை அந்நியமெனக் கருதிப் பிறபொருளெதிரிகளை ஆக்குகிறது. அவை சூல்வித்தகத்தைக் கடந்து சிசுவின் சிறுதட்டுக்களை அழிக்கின்றன. மூளையிலே குருதி கசிந்தால் உயிருக்கே ஆபத்து. 1959இல் நெதர்லாந்தின் வான் லோகெம் குழுவினர் அத்தகைய அடையாளமொன்றை இனங்கண்டனர். இதிலே தாயின் குற்றம் எங்கே? தந்தையின் குற்றந்தான் எங்கே?

1984இல் பாரிஸ் மருத்துவர்கள், கருவிலிருக்கும் சிசுவுக்கே சிறுதட்டு ஏற்றியதை அறிவித்தனர். 1988இல் நியூயோர்க்கில் பசல் குழுவினர், தாய்க்கு இம்யூனோகுளோபுலின் ஏற்றிச் சிசுவைக் காக்கும் வழியை அறிவித்தனர். அம்மருந்து ஆயிரக்கணக்கானோர் ஈந்த குருதியிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. ஒரு சிசுவைக் காக்க ஒரு சமுதாயமே குருதி கொடுக்கிறது!

ஆனால் ஒரு கொடுமை இன்னும் தீரவில்லை. றீசஸ் முரண்பாட்டில் முதற்பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். இந்நோயிலோ முதற்பிள்ளையே பலியாகலாம். பெரும்பாலான நாடுகளில் எல்லாத் தாய்மாரையும் முன்கூட்டியே இதற்காகச் சோதிப்பதில்லை. ஆகவே, ஒரு பிள்ளை துன்புற்ற பின்னரே நோய் தெரியவருகிறது. மேலும், ஐரோப்பியரிடம் முதன்மையான அடையாளமே எல்லா இனத்தவரிடமும் முதன்மையானதன்று. ஜப்பானியரிடையே வேறோர் அடையாளம் முக்கியமெனக் கண்டனர். எந்த மக்களின் குருதி ஆராயப்படுகிறதோ அந்த மக்களின் குழந்தைகளே முதலில் காக்கப்படுவார்கள்.

இலங்கையின் இலவச மருத்துவமும், வீடு வீடாகச் செல்லும் மருத்துவமாதரும் மக்கள் பெற்ற செல்வங்கள். கண்டலோடு பிறந்த சிசுவின் சிறுதட்டுக்களை உடனே எண்ணிப் பார்ப்பதும், அத்தாயின் அடுத்த கருவை விழிப்போடு காப்பதும் அந்தச் செல்வத்தின் தொடர்ச்சியாக வேண்டும். துறைமுகத்தின் ஆழம் அளந்தது போதும். அதன் கரையில் வாழும் தாயின் துயரத்தை அளக்கத் தொடங்குவோம்.