சேர்ந்து வாழ ஓர் உத்தரவு

விவாகரத்து கேட்டு கோர்ட்டுக்குப் போவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். சேர்ந்து வாழவேண்டும் என்று கேட்டும் போகலாம் என்பது பலருக்குத் தெரியாது. 1955-ஆம் வருடத்து இந்து திருமணச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு அதற்கானது. தக்க காரணமில்லாமல் கணவனோ மனைவியோ விலகிப் போய்விட்டால், 'இவரை என்னோடு வந்து வாழச் சொல்லுங்கள்' என்று மற்றவர் மனுப் போடலாம். நீதிபதிக்கு நியாயமாகப் பட்டால் அப்படியே உத்தரவிடுவார். வக்கீல்கள் பேச்சில் இதற்குப் பெயர் வெறும் 'செக்ஷன் நைன்'.

சில வருஷங்களுக்கு முன் என் சித்தி மகளுக்கு இப்படியொரு மனுவோடு சம்மன் வந்தது. அவள் பிறந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதத்தில் அவர் ஒரு போன்கூடப் பண்ணியதில்லை. சித்திக்கோ சந்தோஷம். "பாருடா, மாப்பிள்ளை கூப்பிடுறாரு" என்றாள். நாங்கள் போய்ப் பார்த்த வக்கீலம்மா காகிதங்களைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இது கூப்பிடுற காயிதம் இல்லம்மா. நீங்க ஜீவனாம்சம் கேட்டுப் போறதுக்கு முன்னாடி, 'நான் கூப்பிட்டேன், அவதான் வரல'ன்னு சொல்லிக்க ஒரு ஆதாரம்."

ஒரு மனிதரை இன்னொருவரோடு வாழும்படி உத்தரவிடலாம் என்ற எண்ணம் எங்கிருந்துதான் வந்தது என்று தேட ஆரம்பித்தேன். நம் தர்மசாஸ்திரங்களில் இருக்கும் என்றுதான் நினைத்தேன். மனைவியின் கடமையைப் பற்றி அங்கே பக்கம் பக்கமாக உண்டு. ஆனால் இந்த வழக்கு இங்கிலாந்துச் சரக்கு. அங்கே 1857 வரை கல்யாண வழக்குகளை விசாரித்தவை திருச்சபை நீதிமன்றங்கள். அவற்றின் கண்ணில் திருமணம் கலைக்க முடியாத பந்தம், ஆகவே பிரிந்து போனவரைத் திரும்பிப் போகச் சொல்வது மட்டுமே அவற்றால் முடிந்தது. கேட்காதவரைச் சபையிலிருந்து விலக்கினார்கள். 1813-க்குப் பிறகு ஆறு மாதம் வரை சிறை. வெள்ளைக்கார நீதிபதிகளோடு இதுவும் கப்பலேறியது. 1867-இல் லண்டன் பிரிவி கவுன்சில், வங்காளத்து முஸ்லிம் தம்பதி ஒருவரின் வழக்கில், இந்திய நீதிமன்றங்களும் இத்தகைய வழக்கை எடுக்கலாம் என்று சொல்லிவிட்டது.

இதில் மாட்டிக்கொண்டவர்களில் பெயர் நிலைத்தவர் பம்பாயின் ருக்மாபாய். பதினோரு வயதில் தாதாஜி பிகாஜி என்பவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள், அவருக்கு வயது பத்தொன்பது. ருக்மாபாய் கணவர் வீட்டுக்குப் போகவேயில்லை. அம்மாவின் இரண்டாவது கணவரான டாக்டர் சகாராம் அர்ஜுனின் வீட்டில் படித்து வளர்ந்தார். 1884-இல் தாதாஜி பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். ருக்மாபாயின் மனதில் இருந்த காரணம் ஒன்றுதான்: எனக்கு விவரம் தெரியாத வயதில் நடந்தது, நான் சம்மதிக்கவில்லை. ஆனால் அந்தக் காரணத்தை வைக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே அவர் தரப்பில் எழுதிக்கொடுத்தவை வேறு. தாதாஜியால் மனைவியைக் காப்பாற்ற வருமானமில்லை, அவருக்கு உடம்பு சரியில்லை, அவர் தங்கியிருக்கும் வீட்டின் பெரியவர் நடத்தை சரியில்லை. எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவருடைய உண்மை அதுவல்ல.

1885-இல் நீதிபதி பின்ஹே வழக்கைத் தள்ளுபடி செய்தார். இருவரும் சேர்ந்தே வாழ்ந்ததில்லை, அப்படியிருக்க எதை மீட்பது என்பது அவர் கேள்வி. அதோடு, இங்கிலாந்திலேயே செல்வாக்கு இழந்துவரும் ஒன்றை இந்துக்கள்மீது ஏன் ஏற்றவேண்டும் என்றும் கேட்டார். சரியான கேள்விதான், அதற்கு முந்தைய வருடம்தான் இங்கிலாந்து நாடாளுமன்றம் இந்த உத்தரவை மீறுபவருக்கான சிறைத் தண்டனையை எடுத்துவிட்டிருந்தது. எஜமானன் வீட்டில் விட்டுவிட்ட பழக்கத்தை வேலைக்காரன் வீட்டில் விடாமல் காப்பாற்றுவது போன்ற கதை. 1886-இல் அப்பீலில் தீர்ப்பு மாறியது. 1887 மார்ச்சில் நீதிபதி ஃபாரன், கணவரிடம் போ, இல்லையென்றால் ஆறு மாதம் சிறை என்றார். சிறைக்கே போகிறேன் என்றார் ருக்மாபாய். திலகரின் பத்திரிகைகள் அவரைத் திட்டித் தீர்த்தன. கடைசியில் 1888-இல் தாதாஜி இரண்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு ஒதுங்கினார். ருக்மாபாய் லண்டனுக்குப் போய் மருத்துவம் படித்து, திரும்பி வந்து சூரத்தில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார்.

இந்தியாவில் சிறைத் தண்டனை 1923-இல் போயிற்று. வழக்கு போகவில்லை. இந்து திருமணச் சட்டம் எழுதப்பட்டபோது கிருபளானி போன்றவர்கள் நாடாளுமன்றத்தில் எதிர்த்தார்கள். இருந்தும் அது ஒன்பதாம் பிரிவாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. சட்டம் அமலுக்கு வந்தது 1955 மே 18. அதே வருடம் செப்டம்பரில், தொண்ணூறு வயது தாண்டிய ருக்மாபாய் காலமானார்.

இங்கே நம் ஊர்ப்பக்கம் ஒன்றையும் சொல்லவேண்டும். கல்யாணத்தை முறிப்பது தமிழ்நாட்டில் பல சமூகங்களுக்குப் புதிதல்ல. ஊர்ப் பெரியவர்கள் கூடி, சீர்வரிசையைக் கணக்குப் பார்த்து, 'அத்துவிட்டு' அனுப்புவார்கள். பெண் மறுபடி கட்டிக்கொள்ளலாம். 'அறுத்துக் கட்டுற ஜாதி' என்று மேல்சாதிக்காரர்கள் இளக்காரமாகச் சொன்னது இதைத்தான். அந்த மேல்சாதி வீடுகளுக்கு விவாகரத்து வந்தது சட்டம் வழியாக, முதலில் மாகாணம் மாகாணமாக: 1947-இல் பம்பாய், 1949-இல் சென்னை, பிறகு 1955-இல் நாடு முழுக்க. வழக்கத்தின்படி நடக்கும் முறிவை 1955 சட்டமும் ஏற்கிறது. ஆனால் அந்தச் சமூகத்தில் அந்த வழக்கம் தொன்றுதொட்டு உண்டு என்று நிரூபிக்கவேண்டும். ஸ்டாம்ப் பேப்பரில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்று நம்பி மறுமணமும் செய்துகொண்டு, பின்னால் பென்ஷனுக்கோ சொத்துக்கோ அலைகிற ஆட்கள் மாதம் ஒருவராவது வருகிறார்கள் என்றார் வக்கீலம்மா.

ஒன்பதாம் பிரிவை உண்மையிலேயே ஆட்டிப்பார்த்த வழக்கு 1983-இல் வந்தது. 'தண்ணீர் தண்ணீர்' படத்தில் நாம் பார்த்த சரிதாதான் அதில் எதிர்மனுதாரர். கணவர் கடப்பா கோர்ட்டில் சேர்ந்து வாழக் கேட்டு மனுப் போட, விஷயம் ஆந்திர உயர் நீதிமன்றம் வரை போனது. நீதிபதி பி.ஏ. சௌத்ரி அந்தப் பிரிவே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார். தன் உடம்பு யாருக்கு, குழந்தை பெறுவதா வேண்டாமா என்பதைப் பெண்ணின் கையிலிருந்து பிடுங்கி அரசாங்கத்திடம் கொடுக்கும் சட்டம் இது என்பது அவருடைய வாதத்தின் சாரம். அவ்வளவு தெளிவாக அதற்கு முன்பு எந்த நீதிபதியும் சொன்னதில்லை என்றே நினைக்கிறேன்.

ஒரு வருடம்தான் நின்றது. 1984-இல், ருக்மாபாய் வழக்குக்குச் சரியாக நூறு வருடம் கழித்து, சரோஜ் ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரிவு செல்லும் என்றது. குடும்பம் உடையாமல் காக்க இது உதவும் என்பது காரணம். ஆனால் அந்த வழக்கின் கதையைப் பாருங்கள். சேர்ந்து வாழவேண்டும் என்று மனுப் போட்டது மனைவி. கணவர் எதிர்க்கவில்லை, சரி என்று உத்தரவை வாங்கவிட்டார். உத்தரவுக்குப் பின்னும் ஒரு வருடம் சேர்ந்து வாழாவிட்டால் இருவரில் யார் வேண்டுமானாலும் அதையே காரணமாக்கி விவாகரத்து கேட்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. அவர் ஒரு வருடம் காத்திருந்து கேட்டார். கிடைத்தது. குடும்பத்தைக் காக்கும் என்று சொன்ன அதே தீர்ப்பில்தான் அந்தக் குடும்பம் முடிந்தது.

இதை வக்கீலம்மா எங்களிடம் இரண்டு வரியில் சொன்னார். "வாய்தாவுக்குப் போகாம மட்டும் இருந்துடாத. எக்ஸ்பார்ட்டி ஆக்கி அவர் கேட்டதைக் குடுத்துருவாங்க, வருஷம் திரும்பினா அதை வச்சே விவாகரத்து." சித்திக்கு வேறு பயம். போலீஸ் வந்து பிள்ளையை இழுத்துக்கொண்டு போகுமா? "அதெல்லாம் போகாதும்மா. சொத்து இருந்தா ஜப்தி பண்ணலாம். உங்க பொண்ணு பேர்ல என்ன இருக்கு?" "ஒண்ணும் இல்லீங்க." "அப்ப எதுக்குப் பயப்படுறீங்க?"

குடும்ப நல நீதிமன்றங்களைக் கொண்டுவந்த சட்டமும் அதே 1984-இல் வந்ததுதான். அதன்படி வக்கீல் வைத்துக்கொள்வது அங்கே உரிமை இல்லை, நீதிபதி அனுமதிக்கவேண்டும். வக்கீல்கள் புகுந்தால் சண்டை பெருக்கும் என்ற நல்லெண்ணம். நடைமுறையில் அனுமதி கிடைத்துவிடுகிறது. எனக்கு அந்த நல்லெண்ணத்தில் நம்பிக்கை இல்லை. சம்மனை அழைப்பிதழாக வாசிக்கிற ஒரு வீட்டுக்கு, அதை வாசித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அவர் என் தங்கையிடம் கேட்டது, கல்யாணமான நாளிலிருந்து நடந்ததையெல்லாம் தேதியோடு எழுதிக்கொண்டு வா என்பது. பதினாலு பக்கம் எழுதினாள். அதில் நாலு பக்கம், அவள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று வாரமும் அவர் ஒரு வார்த்தை விசாரிக்காதது பற்றி. வக்கீலம்மா அதைப் பொறுமையாகப் படித்தார், பிறகு தள்ளி வைத்தார். அவர் பென்சிலால் கோடு போட்டது, தங்கை போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரிக்கு: அவளுடைய ஏடிஎம் கார்டு இரண்டு வருஷமாக மாமியாரிடம் இருந்தது. "தக்க காரணம் இருந்ததுன்னு விலகி வந்தவங்கதான் நிரூபிக்கணும். இதுக்கு பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கு. அதுக்கு என்ன இருக்கு?" தங்கை ஒன்றும் சொல்லவில்லை. பேருந்தில் வரும்போதுதான், "அந்த நாலு பக்கத்துக்காகத்தாண்ணே நான் வந்தேன்" என்றாள்.

எதிருரையோடு, இருபத்து நாலாம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்டு ஒரு மனுவையும் சேர்த்துப் போட்டார். மூன்று கவுன்சிலிங், எண்ண முடியாத வாய்தாக்கள். பணம் கட்டவேண்டும் என்று உத்தரவானதும் எதிர்த்தரப்புக்குச் சேர்ந்து வாழும் ஆசை வேகமாகக் குறைந்தது. கடைசியில் இருவரும் மனமொத்துப் பிரியும் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். 1976-க்கு முன் என்றால் இந்து திருமணச் சட்டத்தில் அந்த வழியும் கிடையாது. கொடுமைகூட அப்போது பிரிந்திருக்க மட்டுமே காரணம், விவாகரத்துக்கு அல்ல.

இங்கிலாந்து 1970-இல் இந்த வழக்கையே ஒழித்துவிட்டது. இங்கே 2019-இல் குஜராத்தின் சட்ட மாணவர்கள் சிலர் ஒன்பதாம் பிரிவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில், கணவர் சேர்ந்து வாழ உத்தரவு வாங்கியிருந்து மனைவி போகாவிட்டாலும், அது ஒன்றே காரணமாக ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது என்றது. போகாததற்கு அவளுக்குத் தக்க காரணம் இருந்ததா என்று பார்க்கவேண்டும். வக்கீலம்மாவிடம் போனில் இதைப் பற்றிக் கேட்டேன். "நல்ல தீர்ப்புதான் தம்பி. ஆனா மனு போடுறது குறையல. இந்த வாரம் மட்டும் எனக்கு ரெண்டு வந்திருக்கு. ஒண்ணுல நான் புருஷன் பக்கம்" என்றார்.