நகர வீட்டுவசதி ஆணையத்தின் ஊழியர் ஒழுங்கீன விசாரணையாளர் (நியூயார்க்)

நியூயார்க் நகர வீட்டுவசதி ஆணையத்தில் வேலை செய்வோர் மீது வரும் லஞ்சம், மோசடி, கடமை தவறல் போன்ற புகார்களை ஆராய்ந்து, நடந்தது என்ன என்பதைச் சான்றுகளோடு நிறுவும் அலுவலர் ஊழியர் ஒழுங்கீன விசாரணையாளர் ஆவார். தண்டனை வழங்கும் அதிகாரம் இவருக்கு இல்லை. இவரது அறிக்கை துறை ஒழுங்கு நடவடிக்கைக்கோ, குற்றவியல் வழக்குக்கோ, நிர்வாக நடைமுறையில் மாற்றத்துக்கோ அடிப்படையாகிறது. ஒரே விசாரணை இந்த மூன்றிலும் போய் முடிவதுண்டு.

ஆணையம்

சுருக்கமாக ‘நைச்சா’ என்று அழைக்கப்படும் இந்த ஆணையம், ஃபியோரெல்லோ லா கார்டியா மேயராக இருந்த 1934-இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் குடியிருப்பான ‘ஃபர்ஸ்ட் ஹவுசஸ்’ 1935 இறுதியில் மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் திறக்கப்பட்டது. இன்று நகரின் ஐந்து பெருநகரப் பிரிவுகளிலுமாக ஏறத்தாழ 1,77,000 வீடுகள் அதன் பொறுப்பில் உள்ளன. அமெரிக்காவின் மிகப் பெரிய பொது வீட்டுவசதி நிறுவனம் இதுவே. ஊழியர்கள் 10,000-க்கும் மேற்பட்டவர்கள். துப்புரவுப் பணியாளர், குழாய்ப் பணியாளர், கொதிகலன் இயக்குநர், வாடகைப் பிரிவு எழுத்தர், குடியிருப்பு மேற்பார்வையாளர் எனப் பல நிலையினர் இவர்களில் அடக்கம். களப்பணியாளர்களில் பெரும்பாலோர் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கத்தின் 237-ஆம் கிளையைச் சேர்ந்தவர்கள்.

பிற அரசு அலுவலகங்களில் மக்கள் மனுவோடு வந்து, வேலை முடிந்ததும் போய்விடுகிறார்கள். வீட்டுவசதி ஆணையத்தின் ஊழியரோ மக்கள் குடியிருக்கும் வீட்டுக்குள்ளேயே நுழைகிறார். வீட்டுச் சாவி, வெப்பமூட்டி, மின்தூக்கி, பழுது பார்க்கும் முறைவரிசை எல்லாம் அவர் கையில் இருக்கின்றன. புகார் கொடுத்த குடியிருப்பாளர் மறுநாளும் அதே மேற்பார்வையாளரிடம்தான் ஒழுகும் குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாட்சியின் இந்த நிலைமை விசாரணையின் ஒவ்வொரு கட்டத்தையும் பாதிக்கிறது.

விசாரணை அமைப்பின் வளர்ச்சி

அரசியல்வாதி ‘பாஸ்’ ட்வீட்டின் கும்பல் நகரக் கருவூலத்தைச் சூறையாடியது அம்பலமானதைத் தொடர்ந்து, 1873-இல் கணக்கு ஆணையர் என்ற பதவி உருவாக்கப்பட்டது. அதுவே பின்னாளில் நகரப் புலனாய்வுத் துறையாயிற்று. 1978-இல் மேயர் எட் கோச் பிறப்பித்த 16-ஆம் எண் நிர்வாக ஆணை, நகர அலுவலகங்களுக்கு இன்ஸ்பெக்டர் ஜெனரல் முறையை வகுத்தது. ஊழலோ குற்றச்செயலோ நலமுரணோ (சொந்த நலன் பதவிக் கடமையோடு மோதும் நிலை) தம் கவனத்துக்கு வந்தால் ஒவ்வொரு நகர ஊழியரும் அதைத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்றும், தெரிந்தே மறைப்பது பணிநீக்கத்துக்குக் காரணமாகும் என்றும் அந்த ஆணை கூறியது.

தொடக்கத்தில் இன்ஸ்பெக்டர் ஜெனரல்கள் தாம் கண்காணிக்கும் அலுவலகத்தின் தலைவருக்கும் கட்டுப்பட்டிருந்தனர். வாகன நிறுத்த அபராதப் பிரிவில் பெரும் ஊழல் வெடித்த 1986-ஆம் ஆண்டில் 105-ஆம் எண் ஆணை வந்தது. அது அவர்களை முழுமையாகப் புலனாய்வுத் துறையின்கீழ்க் கொண்டுவந்தது. நைச்சா மாநிலச் சட்டப்படி அமைந்த தனி நிறுவனம். அதன் ஆட்சிக்குழுவை மேயர் நியமிக்கிறார். ஆயினும் அதைக் கண்காணிக்கும் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் இப்போது புலனாய்வுத் துறையின் ஓர் அங்கமாகும்.

எல்லாப் புகாரும் இந்த அலுவலகத்தில் முடிவதில்லை. லஞ்சம், மோசடி, திருட்டு ஆகியவை இன்ஸ்பெக்டர் ஜெனரலிடம் செல்கின்றன. பாலியல் சீண்டலும் பாகுபாடும் சமவாய்ப்புப் பிரிவுக்கு உரியவை. தாமத வருகை, கீழ்ப்படியாமை போன்றவற்றை மேலாளரும் மனிதவளப் பிரிவும் கவனிக்கின்றன. வந்த புகார் எந்தப் பிரிவுக்குரியது என்று தரம் பிரிப்பதே விசாரணையின் முதற்படி. மேலோட்டமாக வருகைப் பதிவுக் குறையாகத் தெரியும் ஒன்று, உள்ளே கூட்டு மோசடியாக இருக்கலாம்.

புகார்களின் வகைகள்

அடிக்கடி வரும் புகார்களில் முதன்மையானது நேரத் திருட்டு: வேலைக்கு வராமலே வந்ததாகப் பதிவது, செய்யாத ஓவர்டைமுக்குப் பணம் பெறுவது, நோய் விடுப்பில் இருந்துகொண்டு வேறிடத்தில் சம்பாதிப்பது. அடுத்தது பொய்ப் பதிவு. வீட்டுக்குள் கால் வைக்காமலே ‘பழுது நீக்கப்பட்டது’ என்று பணிச்சீட்டை முடித்துவிடுவது இவ்வகை. இவை தவிர, ஆணையத்தின் அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, செப்புக் குழாய் ஆகியவற்றைக் கடத்தி விற்பது, வீடு ஒதுக்கித் தருவதாகப் பணம் கேட்பது, ஒப்பந்ததாரரிடம் பங்கு பெறுவது ஆகியவையும் உண்டு. ஊழியரே ஆணையத்தின் வீட்டில் குடியிருந்து தம் குடும்ப வருமானத்தைக் குறைத்துக் காட்டுவதும் ஒழுங்கீனமாகும்.

நகரச் சாசனத்தின் 68-ஆம் அத்தியாயம் நலமுரண்களைத் தடை செய்கிறது. நகரத்தோடு தொழில் செய்பவரிடமிருந்து 50 டாலர் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள பரிசைப் பெறுவது விதிமீறல். அனுமதியின்றி இரண்டாம் வேலை பார்ப்பதும் தவறு.

விசாரணை முறை

புகார்கள் தொலைபேசி வழியாகவும், மேலாளரின் குறிப்பாகவும், மொட்டைக் கடிதமாகவும் வருகின்றன. பெயரில்லாத புகாரைப் புறந்தள்ளுவது வழக்கமில்லை. அதிலுள்ள நாள், இடம், தொகை ஆகியவற்றைப் பதிவேடுகளோடு ஒப்பிட்ட பின்னரே அதன் தகுதி தீர்மானிக்கப்படுகிறது.

பெரும்பாலான விசாரணைகள் ஆவணங்களில் தொடங்குகின்றன. வருகைப் பதிவு, பணிச்சீட்டுப் பதிவு, வாகன இருப்பிடப் பதிவு, கண்காணிப்புக் கேமராக் காட்சி, கொள்முதல் ரசீது, வங்கிக் கணக்கு ஆகியவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்கப்படுகிறது. ஒரே நேரத்தில் இரண்டு குடியிருப்புகளில் வேலை செய்ததாக ஒருவர் பெயரில் சீட்டு இருந்தால், இரண்டில் ஒன்றேனும் பொய். ஆவணங்களைத் தரும்படி ஆணை அனுப்பவும், உறுதிமொழியின்மீது வாக்குமூலம் பெறவும் புலனாய்வுத் துறைக்கு அதிகாரம் உண்டு.

நேர்காணலுக்கும் ஒரு வரிசை உண்டு. பொதுவாக முதலில் புகார் கொடுத்தவர், பிறகு சாட்சிகள், கடைசியில் குற்றம் சாட்டப்பட்டவர். ஆவணங்கள் கைக்கு வந்த பிறகு அவரை விசாரித்தால், அவர் தரும் விளக்கத்தை உடனுக்குடன் சரிபார்க்க முடியும். லஞ்சப் புகார்களில், ஒத்துழைக்கும் ஒப்பந்ததாரரின் உரையாடலைப் பதிவு செய்தும், அடையாளமிட்ட பணத்தைக் கொடுத்தனுப்பியும் கையும் களவுமாகப் பிடிக்கும் முறை கையாளப்படுகிறது.

புகார் தருவோரைப் பழிவாங்குவதை 1984-ஆம் ஆண்டின் நகரச் சட்டமும், மாநிலக் குடிமைப் பணிச் சட்டத்தின் 75-பி பிரிவும் தடை செய்கின்றன. இவை ஊழியர்களுக்கான பாதுகாப்புகள். குடியிருப்பாளரின் அச்சத்தைத் தணிக்க, அவர் பெயர் வெளிவராதபடி விசாரணையை நடத்துவதே பெரும்பாலும் நடைமுறை வழி.

ஊழியரின் உரிமைகள்

அரசு ஊழியரை விசாரிப்பதற்கான வரம்புகளை 1960-களின் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வகுத்தன. நியூ ஜெர்சி காவலர்கள் தொடர்பான கேரிட்டி வழக்கில் (1967), ‘பேசாவிட்டால் வேலை போகும்’ என்று மிரட்டிப் பெற்ற வாக்குமூலத்தை அவர்கள் மீதான குற்றவியல் வழக்கில் பயன்படுத்த முடியாது என்று நீதிமன்றம் கூறியது. அடுத்த ஆண்டு வந்த வழக்கு நியூயார்க் நகரத்தினுடையது. நகரின் குப்பை நிலையங்களைப் பயன்படுத்திய தனியாரிடம் வாங்கிய கட்டணத்தைத் துப்புரவுத் துறை ஊழியர்கள் சிலர் தாங்களே எடுத்துக்கொண்டார்கள் என்று புகார் எழுந்தது. புலனாய்வு ஆணையர் விசாரித்தார். தம்மைத் தாமே குற்றவாளியாக்கிக் கொள்ளாதிருக்கும் அரசியலமைப்பு உரிமையை விட்டுக்கொடுக்க மறுத்ததற்காக அவர்களை நீக்கியது செல்லாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அந்த உரிமையைப் பறிக்காமல், கடமை குறித்து மட்டும் நேராகக் கேட்கும் கேள்விக்குப் பதில் தர மறுத்தால் நீக்கலாம் என்றும் அதே தீர்ப்பு கூறியது.

இதனால் விசாரணையாளர் முன்கூட்டியே ஒரு தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது. கட்டாயப்படுத்தி வாக்குமூலம் பெற்றால் ஒழுங்கு நடவடிக்கை எளிதாகும். ஆனால் அந்தச் சொற்களைக் குற்றவியல் வழக்கில் ஊழியருக்கு எதிராக வைக்க முடியாது. ஆகவே கைதுக்கு வாய்ப்புள்ள விவகாரங்களில் அரசு வழக்கறிஞரைக் கலந்துகொண்டே விசாரணைக்கு அழைக்கின்றனர். ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாகக்கூடிய ஊழியர், விசாரணையின்போது சங்கப் பிரதிநிதியை உடன் வைத்துக்கொள்ளவும் உரிமை பெற்றிருக்கிறார்.

ஒழுங்கு நடவடிக்கையும் தண்டனையும்

நிரந்தர ஊழியரைத் தண்டிப்பதற்கு நியூயார்க் மாநிலக் குடிமைப் பணிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவே அடிப்படை. சில சங்க ஒப்பந்தங்கள் மாற்று வழிகளையும் வகுக்கின்றன. குற்றச்சாட்டை எழுத்தில் தந்து, பதிலளிக்கக் குறைந்தது 8 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். விசாரணை முடியும்வரை ஊதியமின்றி இடைநீக்கம் செய்யலாம். அது 30 நாளைத் தாண்டக் கூடாது. குற்றச்சாட்டை மெய்ப்பிக்கும் பொறுப்பு நிர்வாகத்தையே சாரும். சம்பவம் நடந்து 18 மாதங்களுக்குள் நடவடிக்கை தொடங்க வேண்டும். அச்செயல் குற்றமாகவும் இருந்தால் இந்த வரம்பு பொருந்தாது.

அச்சட்டம் கூறும் தண்டனைகள் ஐந்து: கண்டனம், 100 டாலருக்கு மிகாத அபராதம், இரண்டு மாதங்களுக்கு மிகாத ஊதியமற்ற இடைநீக்கம், பதவியிறக்கம், பணிநீக்கம். தீர்ப்பை எதிர்த்து ஊழியர் குடிமைப் பணி ஆணையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ செல்லலாம். குற்றத்தோடு ஒப்பிடுகையில் நியாய உணர்வையே அதிர வைக்கும் அளவுக்குக் கடுமையான தண்டனையை மட்டுமே நீதிமன்றம் ரத்து செய்யும் என்பது 1974-இல் பெல் வழக்கில் வகுக்கப்பட்ட விதி.

ஈய வண்ணப்பூச்சு விவகாரம்

தனி ஊழியரின் தவறைத் தேடும் முறைக்கு எல்லை உண்டு என்பதை ஈய வண்ணப்பூச்சு விவகாரம் காட்டியது. பழைய வீடுகளில் ஈயம் கலந்த வண்ணப்பூச்சு உள்ளதா என்று ஆண்டுதோறும் சோதிக்க வேண்டிய ஆணையம், அந்தச் சோதனைகளைக் கைவிட்டுவிட்டு, விதிகளைக் கடைப்பிடிப்பதாகக் கூட்டாட்சி அரசுக்குச் சான்றளித்து வந்தது. 2017 நவம்பரில் புலனாய்வுத் துறை இதை வெளிப்படுத்தியது. 2018 ஜூனில் கூட்டாட்சி அரசு தாக்கல் செய்த வழக்கு மேலும் பலவற்றைக் கூறியது. ஆய்வாளர் வரும் முன்பு கசிவு தெரியாதிருக்கக் கட்டடத்தின் தண்ணீரை நிறுத்துவதும், சேதங்களை அட்டை கொண்டு மறைத்து வண்ணம் பூசுவதும் அதில் இடம்பெற்றன. இப்படி மறைக்கும் உத்திகளைச் சொல்லும் குறிப்பே ஊழியர்களிடையே புழங்கியதாகவும் அரசு குற்றம் சாட்டியது. அறிவுறுத்தலின்படி நடந்த ஊழியரை மட்டும் குற்றம் சொல்வது இங்கே பொருந்தவில்லை. 2019 ஜனவரியில் ஏற்பட்ட உடன்படிக்கை ஆணையத்தின் மேல் வெளிக் கண்காணிப்பாளர் ஒருவரை அமர்த்தியது; விதி இணக்கம், சுகாதாரப் பாதுகாப்பு, தர உறுதி ஆகியவற்றுக்குத் தனிப் பிரிவுகளையும் ஏற்படுத்தியது.

சிறு ஒப்பந்த லஞ்ச வழக்கு

2024 பிப்ரவரி 6 அன்று, நைச்சாவின் இந்நாள், முன்னாள் ஊழியர்கள் 70 பேர் மீது லஞ்சம், மிரட்டிப் பணம் பறித்தல் ஆகிய கூட்டாட்சிக் குற்றச்சாட்டுகள் அறிவிக்கப்பட்டன. அமெரிக்க நீதித் துறையின் வரலாற்றில் ஒரே நாளில் இத்தனை பேர் மீது லஞ்ச வழக்குத் தொடுக்கப்பட்டது அதுவே முதன்முறை. நகரப் புலனாய்வுத் துறையும் கூட்டாட்சி அமைப்புகள் பலவும் இணைந்து நடத்திய விசாரணையின் விளைவு அது.

ஊழலின் வழி எளிமையானது. அப்போது 10,000 டாலருக்குக் குறைந்த பழுதுபார்ப்பு வேலைகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டியிருக்கவில்லை. குடியிருப்பு மேற்பார்வையாளரே ஆளைத் தேர்ந்தெடுத்து, வேலை முடிந்ததாகக் கையெழுத்தும் இடலாம் என்ற நிலை இருந்தது. அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒப்பந்ததாரருக்குப் பணம் வந்ததில்லை. வேலை கொடுக்கும் முன்போ, கையெழுத்திடும் முன்போ, ஒப்பந்த மதிப்பில் பொதுவாக 10 முதல் 20 விழுக்காடு லஞ்சமாகக் கேட்கப்பட்டது. அது பெரும்பாலும் 500 முதல் 2,000 டாலர் வரை. ஒவ்வொன்றாகப் பார்த்தால் சிறு தொகை. மொத்தத்தில் 1.3 கோடி டாலருக்கு மேற்பட்ட வேலைகளுக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் லஞ்சம் கைமாறியதாக வழக்கு கூறியது. ஏறத்தாழ 100 குடியிருப்புகள் இதில் அடங்கின.

குற்றம் சாட்டப்பட்டோரில் பெரும்பாலோர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். ஒரே வகைக் குற்றம் இத்தனை இடங்களில் நடந்ததால், ஆட்களைத் தண்டிப்பதோடு விசாரணை நிற்கவில்லை. தேர்வு செய்பவரும் வேலைக்குச் சான்றளிப்பவரும் ஒரே ஆளாக இருக்க இடமளித்த சிறு கொள்முதல் முறையைச் சீர்திருத்த, புலனாய்வுத் துறை 14 பரிந்துரைகளை முன்வைத்தது. ஆணையம் அவை அனைத்தையும் ஏற்றுக்கொண்டது.