மைவியின் முன் பம்பரை வீட்டிலேயே கழற்றுவது எப்படி?

ரவாங்கில் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் பெரோடுவா மைவி நிற்கும். நம் வட்டாரத்துக் கார் அது. 1993இல் தோன்றிய பெரோடுவாவின் தொழிற்சாலை இங்கே சுங்கை சோவில்தான் இருக்கிறது. 1994இல் கஞ்சில் வந்தது, 2005இல் மைவி வந்தது. தோட்டத்திலிருந்து தாமானுக்குக் குடிவந்த பல குடும்பங்களுக்கு முதல் கார் இந்த இரண்டில் ஒன்றாகவே இருந்திருக்கும்.

அதே மைவிகளில் சில, முன் பம்பரின் ஒரு மூலை தொங்க, கேபிள் டை போட்டுக் கட்டிய நிலையில் ஓடுவதையும் பார்க்கிறோம். உடைந்தது ஒன்றிரண்டு கிளிப்பாக இருக்கும். பட்டறைக்குப் போனால் எவ்வளவு கேட்பார்களோ என்ற தயக்கத்தில் மாதங்கள் ஓடிவிடும். உண்மையில் பம்பரைக் கழற்றி மாட்டுவது, பொறுமை உள்ள இரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு முன்றிலில் செய்து முடிக்கக்கூடிய வேலை.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் பம்பர் என்று சொல்வது வெறும் பிளாஸ்டிக் உறை. அந்தக் காலத்தில் தோட்டத்துச் சாலைகளில் ஓடிய மோரிஸ் மைனருக்கு முன்னால் பளபளவென்று குரோம் பூசிய இரும்புச் சட்டம் இருக்கும். அதுதான் பம்பர். இடித்தால் நெளிந்தது கண்ணுக்குத் தெரியும். இன்றைய கார்களில் அந்தச் சட்டம் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. உறை லேசாக அழுங்கி, பிறகு தானாகவே நிமிர்ந்துகொள்ளும். உள்ளே சட்டம் வளைந்திருக்கலாம், ஏர்கோன் கண்டன்சர் நசுங்கியிருக்கலாம். வெளியே ஒரு கீறல் மட்டுமே தெரியும். ஆகவே உறையைக் கழற்றத் தெரிந்துகொள்வது பட்டறைக் கூலியை மிச்சப்படுத்த மட்டுமல்ல, உள்ளே என்ன ஆனது என்று பார்ப்பதற்காகவும்தான்.

மோதலில் இன்னொரு வாகனம் சம்பந்தப்பட்டிருந்தால் அவசரப்பட்டு ஸ்பானரைத் தொடாதீர்கள். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். சேதத்தை அப்படியே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தவறு எதிரே வந்தவருடையது என்றால் காப்புறுதி இழப்பீடு கோர வழி இருக்கிறது. நீங்களே தூணிலோ கேட்டிலோ இடித்துக்கொண்டது என்றால் கணக்கு வேறு. இழப்பீடு கோராத வாகனமோட்டிக்குக் கிடைக்கும் என்சிடி கழிவு முதலாண்டு முடிவில் 25 விழுக்காடு. பிறகு 30, 38.33, 45 என்று ஏறி ஐந்தாண்டுகளில் 55 விழுக்காட்டைத் தொடுகிறது. ஒரு கீறலுக்காகச் சொந்தக் காப்புறுதியில் இழப்பீடு கேட்டால் அத்தனையும் சுழியத்துக்கு இறங்கிவிடும். 55 விழுக்காட்டை எட்டியவர் சிறு சேதத்தைத் தாமே பார்த்துக்கொள்வது பெரும்பாலும் இலாபம்.

இனி வேலைக்கு வருவோம். 10 மில்லிமீட்டர் சாக்கெட், நட்சத்திர முனை ஸ்க்ரூ டிரைவர், தட்டை முனை ஸ்க்ரூ டிரைவர், ஒரு பழைய போர்வை, மாஸ்கிங் டேப். இவை போதும். கிளிப்பை நெம்புவதற்கென்றே விற்கும் பிளாஸ்டிக் நெம்புகோல் கிடைத்தால் இன்னும் நல்லது. இரும்பு முனை சாயத்தைக் கீறிவிடும். கூடவே புதிய கிளிப்புகள் சிலவற்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் காய்ந்த பழைய கிளிப் கை பட்டதும் உடையும்.

சக்கரத்தின் அருகில் உள்ள திருகுகளை முதலில் கழற்றுங்கள். பலர் பேட்டரி இணைப்பை முதலில் எடுத்துவிட்டு, பிறகு ஸ்டீரிங்கைத் திருப்ப முடியாமல் திண்டாடுவார்கள். மைவியில் ஸ்டீரிங்குக்கு உதவுவது மின்மோட்டார். ஆகவே எஞ்சின் ஓடும்போதே ஸ்டீரிங்கை இடப்பக்கம் முழுதாகத் திருப்பி, எஞ்சினை நிறுத்திவிட்டு, வலச் சக்கரத்தின் முன்னால் பம்பரும் பென்டரும் சேரும் இடத்தில் உள்ள திருகை எடுங்கள். மறுபக்கத்துக்கு இதையே மாற்றிச் செய்யுங்கள். ஜேக் போட வேண்டிய அவசியம் பொதுவாக வராது. போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், ஜேக்கை மட்டும் நம்பிக் காரின் அடியில் தலையை நீட்டாதீர்கள்.

அடுத்து பொனட்டைத் திறந்து, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை எடுத்துவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருங்கள். ஏர்பேக் உள்ள காரில் மோதலை உணரும் சென்சர் முன்பகுதியில் இருக்கக்கூடும். மஞ்சள் நிற இணைப்பைக் கண்டால் அதைத் தொட வேண்டாம்.

கிரில்லின் மேல் விளிம்பில் வரிசையாகக் கிளிப்புகளும் போல்ட்டுகளும் தெரியும். கிளிப்பில் வகை உண்டு. சிலவற்றின் நடுப்பொத்தானை உள்ளே அழுத்த வேண்டும், சிலவற்றில் நடுப்பகுதியை மேலே நெம்ப வேண்டும், சிலவற்றைத் திருக வேண்டும். எது எந்த வகை என்று பாராமல் இழுத்தால்தான் உடைகிறது. பிறகு கீழ்ப்பக்கம். குனிந்து கையால் தடவிப் பார்த்து ஒவ்வொன்றாக எடுங்கள். எடுத்த ஒவ்வொன்றும் எங்கிருந்தது என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டால் மாட்டும்போது குழப்பம் இல்லை.

எல்லாம் எடுத்த பிறகும் உறை அசையாது. இங்கேதான் பலர் பலத்தைக் காட்டி உடைக்கிறார்கள். பென்டரை ஒட்டிய இரு முனைகளிலும் உறை ஒரு பிளாஸ்டிக் தாங்கியில் கொக்கி போட்டு நிற்கிறது. பென்டர் விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, சக்கரப் பக்க முனையைப் பிடித்து முன்னோக்கி அல்ல, வெளிப்பக்கமாக இழுங்கள். 'டக் டக்' என்று கொக்கிகள் விடுபடும். சத்தம் கேட்டுப் பயப்பட வேண்டாம். மறுமுனையை இன்னொருவர் பிடித்துக்கொள்ளட்டும். இரு பக்கமும் விட்டதும் கால் அடி முன்னால் நகர்த்தி நிறுத்துங்கள். பனிவிளக்கு உள்ள காரில் அதன் வயர் இன்னும் மாட்டியிருக்கும். என் முதல் முயற்சியில் இதை மறந்து இழுத்து, ஒரு சாக்கெட்டைப் பிய்த்து எடுத்தது நினைவிருக்கிறது. இணைப்பின் நாக்கை அழுத்தி விடுவித்த பிறகு உறையைப் போர்வையின்மேல் கிடத்துங்கள். சில வகைகளில் முன்பக்க நிறுத்தச் சென்சரும் உண்டு, அதையும் அப்படியே கழற்ற வேண்டும்.

இப்போது நிதானமாகப் பாருங்கள். இரும்புச் சட்டம் நேராக இருக்கிறதா? வளைந்திருந்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவது வீண். அடுத்த மோதலில் அது தன் வேலையைச் செய்யாது, மாற்றத்தான் வேண்டும். சட்டத்தைத் தாங்கும் சேசிஸ் முனைகளில் மடிப்போ சுருக்கமோ தெரிந்தால், உறையை மாட்டி மறைக்காமல் பட்டறைக்குக் கொண்டு போங்கள். கண்டன்சரில் எண்ணெய் படிந்த கறை இருந்தால் ஏர்கோன் வாயு கசிகிறது என்று பொருள். ரேடியேட்டர் நீர் சொட்டுகிறதா, விளக்குத் தாங்கிகள் உடைந்திருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

உறையின் உட்புறத்தில் அது எந்தப் பிளாஸ்டிக் என்று அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன், சுருக்கமாக 'பிபி'. சாதாரணச் சூப்பர் பசை இதில் நிற்காது. விரிசலை அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியை உருக்கி ஒட்ட வேண்டும். உடையாமல் உள்ளே அழுங்கியிருந்தால் கொதிநீர் ஊற்றி, கையுறை போட்டுப் பின்னாலிருந்து தள்ளினால் பல நேரம் நிமிரும். சாயம் அடிப்பவர்கள் பிளாஸ்டிக்குக்குரிய பிரைமரை மறந்தால் சில மாதங்களில் சாயம் உரிந்து வரும்.

பழைய உறையே வேண்டாம் என்று ஹாஃப்கட் கடைக்குப் போகிறவர்கள் ஆண்டையும் வகையையும் சரியாகச் சொல்ல வேண்டும். மைவியில் 2005, 2011, 2017 என்று மூன்று தலைமுறைகள். 2021இல் முன்பக்கம் மீண்டும் மாறியது. 'மைவி பம்பர்' என்று மட்டும் சொல்லி வாங்கி வந்தால் விளக்கின் ஓரம் பொருந்தாது.

மாட்டும்போது முதலில் வயர்கள், பிறகு இரு முனைக் கொக்கிகள், அதன் பிறகு மேல் கிளிப்புகள். எல்லாவற்றையும் தளர்வாகப் போட்டு, பொனட்டை மெல்ல மூடி, இரு பக்க இடைவெளியும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தபின் இறுக்குங்கள். பிளாஸ்டிக்கில் போகும் திருகை அளவுக்கு மீறி முறுக்கினால் துளை பெரிதாகிவிடும். பேட்டரியை இணைத்ததும் விளக்கு, ஹார்ன் இரண்டையும் சோதியுங்கள். ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு அணையாமல் நின்றால் கார் பட்டறைக்குப் போகத்தான் வேண்டும்.

வேலை அன்றே முடியாவிட்டால் உறை இல்லாமல் காரை வெளியே எடுக்காதீர்கள். முன் நம்பர் பிளேட் அந்த உறையில்தான் இருக்கிறது. அது இல்லாமல் சாலையில் ஓட்டுவது குற்றம்.