வெள்ளைப் பியானோவும் எழுபதாயிரம் டாலரும்

1971இல் எடுக்கப்பட்ட ஒரு படக்காட்சியை நம்மில் பலர் பார்த்திருப்போம். இங்கிலாந்தின் அஸ்காட் நகருக்கு அருகே டிட்டன்ஹர்ஸ்ட் பார்க் என்னும் மாளிகை. அதைச் சுற்றி 72 ஏக்கர் நிலம். வெண்ணிற அறை ஒன்றில் வெள்ளைப் பியானோவின் முன் அமர்ந்து ஜான் லென்னன் 'இமாஜின்' பாடுகிறார். யோகோ ஓனோ சன்னல் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறக்க, இருண்ட அறையில் வெளிச்சம் நிறைகிறது. உடைமை என்பதே இல்லாத உலகம் ஒன்றை எண்ணிப் பார்க்கச் சொல்லும் பாடல் அது. கேட்பவரின் கண்ணோ பியானோவின் மீதும் மாளிகையின் மீதும் போய் நிற்கிறது. இந்த முரணை 1991இல் எல்விஸ் காஸ்டெல்லோ தம் பாடல் ஒன்றில் குத்திக் காட்டினார். அவருக்கு முன்பும் பின்பும் அதைச் சொல்லாதவர் குறைவு.

செல்வத்தில் திளைக்கும் பாப் பாடகர் எதிர்ப்புப் பாடலைப் பாடும்போது நாம் அவரை நம்பலாமா? வயிறு நிறைந்தவர் பசியைப் பாடத் தகுதி உடையவரா? நண்பர்கள் கூடிப் பேசும் இடங்களில் இக்கேள்விக்கு விடை உடனே வந்துவிடுகிறது: 'எல்லாம் வேடம்.' அவ்வளவு விரைவாக வரும் விடையைச் சற்று ஐயுறுவது நல்லது. ஒரு பாடகரிடம் எவ்வளவு பணம் இருந்தது என்பதைக் காட்டிலும், அவர் பாடியபோது அந்தப் பணத்துக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்பதே பயனுள்ளது என்று நமக்குத் தோன்றுகிறது. அமெரிக்க வரலாற்றில் மூவரை இதற்கென எடுத்துக்கொள்வோம்.

முதலாமவர் பால் ராப்சன். 1898இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் பிரின்ஸ்டனில் பிறந்தவர். அவருடைய தந்தை வட கரோலினாவின் பண்ணையில் அடிமையாகப் பிறந்து, இளமையிலேயே தப்பி வந்து, பின்னர் தேவாலயப் போதகரானவர். மகனோ சட்டம் பயின்று, மேடைக்கும் திரைக்கும் வந்து, அக்காலத்தில் மிகுந்த ஊதியம் பெற்ற கலைஞர்களில் ஒருவரானார். 1928இல் லண்டனில் 'ஷோ போட்' இசை நாடகத்தில் அவர் பாடிய 'ஓல் மேன் ரிவர்' உலகெங்கும் பரவியது. உழைத்துக் களைத்த கறுப்பினத் தொழிலாளி ஒருவன் விதியை நொந்து பாடுவதாக அமைந்த பாடல் அது. 1930களின் பிற்பகுதியில் ராப்சன் தம் கச்சேரிகளில் அதன் சொற்களை மாற்றிவிட்டார். நொந்துகொண்ட தொழிலாளி போராடும் தொழிலாளி ஆனான். தமக்குப் புகழும் பொருளும் தந்த பாடலையே அவர் எதிர்ப்புப் பாடலாகத் திருத்திக்கொண்டார் என்பது கவனிக்கத்தக்கது.

அதற்கான விலை பத்தாண்டுகள் கழித்து வந்தது. 1949இல் நியூயார்க் மாநிலத்தின் பீக்ஸ்கில் என்ற ஊரில் அவர் கச்சேரி கேட்டுத் திரும்பியவர்கள் மீது கல்மாரி பொழிந்தது. 1950இல் அரசு அவருடைய கடவுச்சீட்டைப் பறித்தது. அரங்குகள் அவருக்கு மூடப்பட்டன. ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஈட்டியவரின் வருமானம் சில ஆயிரங்களாகச் சுருங்கியது. 1952இல் கனடாவுக்குள் நுழைய விடாமல் தடுக்கப்பட்டபோது, எல்லையின் அமெரிக்கப் பக்கத்தில் ஒரு லாரியின் மீது நின்று, மறுபக்கம் திரண்டிருந்த பல்லாயிரம் பேருக்காகப் பாடினார். 1957இல் வேல்ஸ் நாட்டின் சுரங்கத் தொழிலாளர் விழாவுக்கு அவர் செல்ல இயலவில்லை. அட்லாண்டிக் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியே குரல் மட்டும் சென்றது. 1958இல்தான் கடவுச்சீட்டு திரும்பக் கிடைத்தது.

இங்கு ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இத்தனையும் இழந்த ராப்சன், ஸ்டாலினுடைய ஆட்சியின் கொடுமைகள் குறித்து வாய் திறக்கவில்லை. ஆகவே இழப்பு என்பது ஒருவருடைய நேர்மைக்குச் சான்றாகலாம். அவர் சொல்வதெல்லாம் உண்மை என்பதற்குச் சான்றாகாது. வறுமையும் அப்படித்தான். ஏழையாக இருப்பதனால் மட்டும் ஒரு பாடகரின் அரசியல் சரியாகிவிடுவதில்லை.

ராப்சனைத் தம் வழிகாட்டியாகக் கொண்டவர் ஹாரி பெலாஃபான்டே. 1927இல் ஹார்லெமில் பிறந்தவர். தாய் ஜமைக்காவிலிருந்து வந்து வீட்டுவேலை செய்து பிழைத்தவர். 1956இல் வெளிவந்த 'கலிப்ஸோ' இசைத்தட்டு பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதன் புகழ்பெற்ற பாடலாகிய 'டே-ஓ', ஜமைக்காவில் இரவெல்லாம் வாழைத்தார் சுமந்து கப்பலேற்றிய தொழிலாளர்களின் உழைப்புப் பாட்டு. சுமந்தவர்களின் பாட்டைப் பாடி ஒருவர் செல்வந்தரானார். இதைச் சுரண்டல் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தச் செல்வம் எங்கே போயிற்று என்று பார்த்த பிறகு சொல்லலாம்.

மன்ஹாட்டனில் கறுப்பினத்தவர் என்பதால் அவருக்கு வாடகைக்கு வீடு தர மறுத்தார்கள். அவர் வேறொருவர் வாயிலாக அந்தக் கட்டடத்தையே வாங்கிவிட்டார். 1963இல் பர்மிங்ஹாம் போராட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் சிறை புகுந்தபோது பிணைத்தொகை திரட்டியவர்களில் அவர் முதன்மையானவர். 1964 கோடையில் மிஸிஸிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்ய இளைஞர்கள் பலர் சென்றனர். அவர்களுள் மூவர் ஜூன் மாதம் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில்தான் உடல்கள் கிடைத்தன. எஞ்சியவர்கள் ஊர் திரும்ப மறுத்துக் களத்திலேயே தங்க முடிவு செய்தபோது இயக்கத்தின் கையில் பணமில்லை. பெலாஃபான்டே 70,000 டாலரை ரொக்கமாகத் திரட்டி, நண்பர் சிட்னி புவாட்டியேவை உடன் அழைத்துக்கொண்டு, கிரீன்வுட் என்ற சிற்றூருக்கு விமானத்தில் போய் இறங்கினார். இரவில் அவர்கள் சென்ற காரை கு க்ளக்ஸ் க்ளான் ஆட்கள் தம் வண்டிகளில் துரத்தினர். நூற்றுக்கணக்கானோர் காத்திருந்த அரங்கிற்கு அப்பணம் போய்ச் சேர்ந்தது.

இந்த நிகழ்ச்சியில் அவர் என்ன பாடினார் என்பது முக்கியமில்லை. காசோலையை அஞ்சலில் அனுப்பிவிட்டு நியூயார்க்கில் இருந்திருக்கலாம், அவ்வாறு இருக்கவில்லை. இதற்கு மூன்றாண்டுகள் முன்பே, 1961இல், பேருந்துகளில் நிறவேற்றுமையை எதிர்த்துப் பயணம் செய்து சிறைப்பட்ட இளைஞர்கள் 'டே-ஓ'வின் மெட்டில் விடுதலைப் பாட்டு ஒன்றைக் கட்டிப் பாடினார்கள். துறைமுகத்திலிருந்து இசைத்தட்டுக்குப் போன மெட்டு, அங்கிருந்து சிறைக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது.

மூன்றாமவராக லென்னனிடமே திரும்புவோம். மூவரில் இவருடைய கணக்குதான் சிக்கலானது. 'வொர்க்கிங் க்ளாஸ் ஹீரோ' என்று 1970இல் பாடியவர், லிவர்பூலின் வசதியான புறநகர் ஒன்றில் தோட்டத்துடன் கூடிய வீட்டில் வளர்ந்தவர். 1969இல் நைஜீரிய உள்நாட்டுப் போரிலும் வியட்நாமிலும் பிரிட்டன் கொண்ட நிலைக்கு எதிர்ப்பாக அரச விருதைத் திருப்பி அனுப்பினார். அதே கடிதத்தில், தம் 'கோல்ட் டர்க்கி' பாடல் விற்பனைப் பட்டியலில் சரிவதையும் மூன்றாவது காரணமாகச் சேர்த்திருந்தார். வேடிக்கைதான், ஆனால் பியாஃப்ராவில் பட்டினியால் இறந்துகொண்டிருந்த குழந்தைகளுக்குப் பக்கத்தில் வைக்கத்தக்க வேடிக்கை அன்று.

அதே ஆண்டு ஜூன் முதல் நாள், மான்ட்ரியலின் சொகுசு விடுதி ஒன்றில், படுக்கையில் அமர்ந்தபடியே 'கிவ் பீஸ் எ சான்ஸ்' பாடலைப் பதிவு செய்தார். நவம்பர் 15ஆம் நாள் வாஷிங்டனில் இலட்சக்கணக்கானோர் போரெதிர்ப்புப் பேரணியில் திரண்டபோது, பீட் சீகர் அதைத் தொடங்கிவைக்க, கூட்டம் விடாது பாடியது. லென்னன் அங்கில்லை. போருக்கு அழைக்கப்படும் வயதில் இருந்த இளைஞர்கள் அதைப் பாடியபோது, அது எந்த விடுதியில் பதிவானது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

1972இல் அரசு அவரைப் பொருட்படுத்தத் தொடங்கியது. பதினெட்டு வயதினர் முதன்முறையாக வாக்களிக்கவிருந்த அதிபர் தேர்தல் அது. நிக்ஸனுக்கு எதிராக லென்னன் இசைப்பயணம் மேற்கொள்வார் என்று அஞ்சி, பிப்ரவரியில் செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் வெள்ளை மாளிகைக்குக் குறிப்பு அனுப்பினார். 1968இல் லண்டனில் கஞ்சா வைத்திருந்ததாக விதிக்கப்பட்ட தண்டனையைக் காட்டி, நாடு கடத்தும் நடவடிக்கை தொடங்கியது. எஃப்.பி.ஐ. அவரைப் பின்தொடர்ந்தது. இசைப்பயணம் நடக்கவில்லை. லென்னன் பின்வாங்கினார் என்று சொல்வது தவறாகாது.

அவரிடம் பணம் இருந்தது; நல்ல வழக்கறிஞரை வைத்து நான்காண்டுகள் வாதாட முடிந்தது. அதே குற்றப்பதிவுடன் வந்த ஓர் ஏழைக் குடியேறி சில வாரங்களில் கப்பலேற்றப்பட்டிருப்பார். பணம் ஒருவரை எவ்வளவு காக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. அவருடைய வழக்கறிஞர் லியோன் வைல்ட்ஸ், குடிநுழைவுத் துறை வெளியே சொல்லாமல் பின்பற்றிவந்த ஒரு வழக்கத்தைத் தோண்டியெடுத்தார். மனிதாபிமானக் காரணம் இருப்பின் சிலரை நாடு கடத்தாமல் விட்டுவைக்கும் வழக்கம் அது. அதுகாறும் இரகசியமாக இருந்த அந்த வழி வெளிச்சத்துக்கு வந்தது. 2012இல் குழந்தைப் பருவத்தில் அமெரிக்கா வந்த ஆவணமற்ற இளைஞர்களுக்கு ஒபாமா அரசு அளித்த பாதுகாப்பும் அதே வழியில் அமைந்ததுதான். லென்னனுக்கு 1976இல் நிரந்தர வதிவிட அட்டை கிடைத்தது. அவருடைய பாடல்கள் செய்யாத ஒன்றை அவருடைய வழக்குச் செலவு செய்திருக்கிறது.

இவை தொலைதேசத்துப் பழங்கதைகள் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 2009இல் வன்னியில் போரின் இறுதி மாதங்களில், உலக மேடையில் அம்மக்களைப் பற்றிப் பேசிய பாப் பாடகி மாயா அருள்பிரகாசம். மறு ஆண்டு நியூயார்க் டைம்ஸ் இதழில் அவரைக் குறித்து நீண்ட கட்டுரை ஒன்று வந்தது. விலையுயர்ந்த காளானின் மணம் ஏற்றிய உருளைக்கிழங்கு வறுவலைக் கொறித்தபடி அவர் அரசியல் பேசினார் என்பதே அதில் எல்லோர் மனத்திலும் நின்றது. வறுவலை முன்மொழிந்தவர் கட்டுரையாளரே என்று காட்ட அவர் ஒலிப்பதிவை வெளியிட வேண்டியதாயிற்று. அவருடைய அரசியலை மறுக்க வலுவான காரணங்கள் சிலருக்கு இருந்தன. புலிகளின் தவறுகளைப் பேசத் தயங்குகிறார் என்ற குறை பொருட்படுத்தத்தக்கதே. ஆனால் விவாதம் அங்கே போகவில்லை. வறுவல் தட்டைச் சுற்றியே நின்றது. ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011இல், இறந்த பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்பதைத் தள்ளிவிட இயலாது என்றது. அந்த எண்ணின் பக்கத்தில் வறுவல் தட்டை வைத்துப் பார்த்தால், 'பாடகர் பணக்காரரா' என்ற கேள்வி சில வேளைகளில் எதை மறைக்கப் பயன்படுகிறது என்பது விளங்கும்.

செல்வந்தர் தம்மை ஏழையென்று பாடினால் நாம் நம்ப வேண்டியதில்லை. லென்னனையும் அந்த இடத்தில் நாம் நம்பவில்லை. ஆனால் தம்மிடம் இருப்பதைப் பணயம் வைத்தவர், இருப்பதைக் கொண்டுபோய்க் கொடுத்தவர், இருப்பதால் தப்பியவர் மூவரும் ஒருவரல்லர். மூவரையும் 'வேடம்' என்ற ஒரே சொல்லால் தள்ளுவது நமக்கு எளிதாக இருக்கிறது என்பதே அச்சொல்லின் மீது நமக்குள்ள முதல் ஐயம். கிரீன்வுட் அரங்கில் அன்றிரவு காத்திருந்தவர்கள், பணத்தைக் கொண்டுவந்தவர் பணக்காரர் என்பதை அறிந்தேதான் காத்திருந்தார்கள்.